நைற்றிங்கேல் அம்மையாரின் ஆந்தை

கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்ஸ் மாநகரின் நடுவே அக்குறோப்பொலிஸ் என்னும் பாறைக்குன்று ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியிலே, அதீனா என்னும் கன்னித் தெய்வத்துக்குக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட பாதினன் கோயில் இடிந்த நிலையிலும் எழில் குன்றாது விளங்குகிறது. 1850ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அக்கோயிற் கற்களின் இடுக்கிலிருந்த கூட்டினின்றும் ஆந்தைக் குஞ்சு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அங்கே விளையாடிக் கொண்டிருந்த சிறுவர் சிலர் கையில் அது அகப்பட்டது. அவர்கள் அதனை அலைக்கழித்து வதைத்துக் கொண்டிருந்த வேளையிலே, கோயிலைக் காண வந்த ஆங்கில மாது ஒருவர் அதனைக் கண்டு மனமிரங்கி, அவர்களிடமிருந்து மீட்டுத் தம்முடன் கொண்டு சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. உலகம் அவர் பெயரை இன்னும் அறிந்திருக்கவில்லை. அவரே பின்னாளில் தாதியர் குலத்தின் தாய் எனப் போற்றப்பட்ட புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்.

கோயிலுக்குரிய தெய்வத்தின் பெயரையே அவர் அந்தக் குஞ்சுக்கு இட்டார். அதீனா என்னும் அப்பெயர் அதற்கு எவ்வகையிலும் பொருந்துவது. அறிவுக்கும் போருக்கும் கைத்தொழிலுக்கும் உரியவளாகக் கிரேக்கர் வணங்கிய அத்தெய்வத்தின் பறவை ஆந்தையே. பண்டைய ஏதென்ஸ் நகரத்து வெள்ளி நாணயத்தின் ஒரு பக்கத்திலே தெய்வத்தின் தலையும், மறுபக்கத்திலே ஆந்தையின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தன. 2002ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அதே பழைய ஆந்தை மீண்டும் வந்து அமர்ந்திருக்கிறது. கொல்லன் தெருவிலே ஊசி விற்கப் போனவனைப் பற்றி நம்மவர் நகையாடுவது போல, ஏதென்சுக்கு ஆந்தை கொண்டு போனவனைப் பற்றிக் கிரேக்கர் நகையாடினர். அந்நகரிலே ஆந்தைகள் அவ்வளவு மலிந்திருந்தன. விலங்கு நூலாரும் இந்த இனத்தை மறவாது, அதற்கு 'அதீனி நொக்டுவா' என்று தெய்வத்தின் பெயராலேயே அறிவியற் பெயர் சூட்டினர். தமிழிலே சிற்றாந்தை எனலாம்.

மீட்கப்பட்ட குஞ்சு எளிதிற் பணிந்துவிடவில்லை. கொத்தியது, சீறியது, நகத்தாற் கீறியது. நாளடைவிலே அம்மையாரின் கையிலிருந்து உணவு வாங்கப் பழகியது. அவருடைய சட்டைப் பையே அதற்குப் பிரயாணக் கூடாயிற்று. அப்பயணத்தின்போது அம்மையாரிடம் இரண்டு ஆமைகளும், பிளேற்றோ என்னும் தத்துவஞானியின் பெயரைத் தாங்கிய ஒரு சில்வண்டும் இருந்தன. ஒருநாள் அதீனா அந்தப் பிளேற்றோவைப் பிடித்து விழுங்கிவிட்டது. தத்துவம் தெய்வத்துக்கு இரையாயிற்று என்று இதனை வேடிக்கையாகக் கூறலாம். ஆயினும் அதிலே ஓர் உண்மை மறைந்திருக்கிறது. எவ்வளவுதான் சட்டைப் பையில் வளர்ந்தாலும் அதீனா ஒரு வேட்டைப் பறவை. அதன் உடலின் ஒவ்வோர் உறுப்பும் வேட்டைக்கென்றே அமைந்தது. அவ்வமைப்பை ஒவ்வொன்றாக நோக்கினாலன்றி, இந்தக் கதையின் முடிவு விளங்காது.

சிற்றாந்தை பெயருக்கேற்பச் சிறியது. அலகு முதல் வால் நுனி வரை அதன் நீளம் ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர். சிறகுகளை விரித்தால் அகலம் 55 சென்ரிமீற்றர் அளவாகும். நிறையோ 200 கிராமுக்கு அண்மையிலேயே நிற்கும். மண்ணிறமான உடலிலே வெண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். தலை தட்டையானது. மஞ்சள் நிறமான கண்களுக்கு மேலே வெண்ணிறப் புருவக் கோடுகள் இருப்பதால், எப்போதும் யாரையோ கடிந்து நோக்குவது போன்ற தோற்றம் இதற்கு உண்டு. பிடரியிலே இன்னும் ஒரு விந்தை இருக்கிறது. அங்குள்ள வெண்மையும் கருமையுமான இறகுகள், இரண்டு கண்களையுடைய மற்றொரு முகம் போலக் காட்சி தருகின்றன. பின்னாலிருந்து தாக்க வரும் பகை, தன்னைப் பறவை பார்த்துவிட்டது என்று மயங்கிப் பின்வாங்குவதற்கு இப்பொய்ம்முகம் உதவுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

ஆந்தையின் உறுப்புக்களிலே முதலில் நம் கவனத்தைக் கவர்வது கண். மனிதருடைய கண் உருண்டை வடிவானது. குழியினுள்ளே மேலும் கீழும் பக்கமும் சுழலக் கூடியது. ஆந்தையின் கண்ணோ உருண்டையன்று. குழல் போன்று நீண்டது. மங்கிய ஒளியைக் கூடியவரை திரட்டி விழித்திரையிலே விழச் செய்வதற்குப் பெரிய கண் வேண்டும். சிறிய மண்டையோட்டினுள்ளே பெரிய கண்ணைப் பொருத்துவதற்கு இயற்கை கண்ட வழி இந்தக் குழல் வடிவம். அவ்வடிவம் குலையாதபடி சிறு என்புத் தகடுகளாலான வளையம் ஒன்று கண்ணைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கிறது. இதனால் ஆந்தைக்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டாயின. இரண்டு கண்களும் முன்னோக்கி நிற்பதால், இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது திருத்தமாக மதிப்பிடும். ஆனால் கண்களைச் சுழற்றிப் பக்கத்தே உள்ளதைப் பார்க்க அதனால் இயலாது.

ஆந்தைக்குப் பகலிலே கண் தெரியாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. அது தவறு. ஒளி மிகும்போது அதன் கண்மணி சுருங்கிக் கொள்ளும். பகலிலும் அது நன்றாகவே பார்க்கும். சிற்றாந்தை பகல் வேளைகளிலும் வெளிப்பட்டுத் திரிவதைக் கிரேக்க நாட்டவர் நாள்தோறும் காண்கின்றனர். அவ்வாறாயின் காலமறிதலின் சிறப்பை விளக்கவந்த வள்ளுவர், பகலிலே கூகை காக்கைக்குத் தோற்கும் என்று உவமை கூறியது எவ்வாறு பொருந்தும் எனக் கேட்கலாம். உவமை பொருத்தமானதே. காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து தாக்கும் இயல்பின. பகல் அவற்றின் காலம். தனித்து நிற்கும் கூகை தோற்பது குருட்டினால் அன்று. காலமும் துணையும் தனக்கு மாறாக இருப்பதால். தரையில் விழுந்த ஆந்தைக் குஞ்சுகள் மனிதர் கண்ணிற் படுவதும் பெரும்பாலும் காக்கைகளின் ஆரவாரத்தினாலேயே ஆகும்.

தூரப் பார்வையிலே வல்லதாகிய ஆந்தைக்கு, அலகின் நுனியிலே இருக்கும் பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. அதற்கு ஈடாக, அலகைச் சூழ்ந்து மயிர் போன்ற மெல்லிய இறகுகள் வளர்ந்திருக்கின்றன. வாயருகே கொண்டு வந்த இரையை அது அவற்றின் தொடுகையினாலேயே அறிகிறது. ஆந்தைக் குஞ்சுக்கு உணவு கொடுப்பவர் அதன் கண்ணெதிரே உணவைக் காட்டிக் காட்டிச் சலித்துப் போவதுண்டு. அலகின் ஓரத்தை மெல்லத் தொட்டவுடன் குஞ்சு வாய் திறக்கும்.

கண் சுழலாத குறையைக் கழுத்து நிறைவேற்றுகிறது. மனிதர் கழுத்திலே ஏழு முள்ளென்புகளே உள்ளன. ஆந்தையின் கழுத்திலோ பதினான்கு. ஆகவே அது தன் தலையை ஒரு பக்கமாக 270 பாகை அளவுக்குத் திருப்ப வல்லது. வலப்புறமாகத் திரும்பத் தொடங்கி, முதுகைக் கடந்து, இடத்தோளுக்கு மேலே பார்வையை நிறுத்தும். இவ்வாறு கழுத்தை முறுக்கினால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் நசுங்கி உயிருக்கே கேடு விளையாதா என்ற வினா ஆராய்ச்சியாளரை நெடுநாள் மலைக்க வைத்தது. அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2013ஆம் ஆண்டிலே இதற்கு விடை கூறினர். கழுத்து முள்ளென்புகளிலே குருதிக் குழாய் நுழைந்து செல்லும் துளை, அக்குழாயைப் போலப் பத்து மடங்கு அகன்றதாக இருக்கிறது. துளையினுள்ளே குழாய் நெருக்குண்ணாமல் அசைய இடமுண்டு. மேலும், தலையோட்டின் அடியிலே குழாய்கள் அகன்று சிறு தேக்கங்கள் போலக் குருதியைச் சேமிக்கின்றன. வழி ஒன்று ஒடுங்கினாலும் மூளைக்குக் குருதி குறைவதில்லை. குளத்திலே நீர் தேக்கி வைத்துக் கோடைக்கு வயல் காக்கும் கமக்காரனின் முறை இதுவே.

இனிச் செவியைக் கவனிப்போம். சில ஆந்தைகளின் தலையிலே கொம்பு போல நிமிர்ந்து நிற்பவை காதுகள் அல்ல. அவை வெறும் இறகுக் கொண்டைகள். உண்மையான செவித்துளைகள் தலையின் இரு பக்கங்களிலும் இறகுகளின் கீழே மறைந்திருக்கின்றன. செவிப்புலனில் ஆந்தை இனத்தின் தலைசிறந்த பறவை கூகை. அதன் வட்ட முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும் ஒரு கிண்ணம் போன்றது. அதன் இரண்டு செவித்துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலாகவும் மற்றது சற்றுக் கீழாகவும் அமைந்துள்ளன. ஆதலால் ஓர் ஒலி பக்கவாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதோடு, மேலிருந்தா கீழிருந்தா என்பதையும் அது கணித்துவிடும். ரொஜர் பெயின் என்னும் அமெரிக்க அறிஞர், சிறிதும் ஒளியில்லாத அறையிலே கூகை சருகின் சலசலப்பை மாத்திரம் கொண்டு எலியைப் பிடிப்பதைச் சோதனையாற் காட்டினார். சிற்றாந்தையின் செவிகள் இவ்வளவு ஏறுமாறானவை அல்ல. பகலிலும் அந்தியிலும் கண்ணாற் பார்த்தே பெரும்பாலும் வேட்டையாடும் பறவைக்கு அவ்வளவு நுட்பமான செவி வேண்டியதில்லை. ஆந்தை என்ற பெயர் ஒன்றாயினும், ஒவ்வோர் இனமும் தன் தொழிலுக்கேற்ற கருவியையே பெற்றிருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

சிறகின் அமைப்பும் இதனையே உணர்த்துகிறது. கூகையின் சிறகிலே முன்புற ஓரத்து இறகில் சீப்பின் பற்கள் போன்ற சிறு நீட்சிகள் வரிசையாக உள்ளன. இறகின் மேற்பரப்பு வெல்வெட்டுத் துணி போல மென்மையானது. பின்னோரமோ நூல் பிரிந்த முந்தானை போன்றது. இம்மூன்றும் சேர்ந்து காற்றின் ஓசையை அடக்கிவிடுவதால், அது பறந்து செல்வது அருகில் நிற்பவருக்கும் கேட்பதில்லை. நம் நாட்டு ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் வாழும் மீன் ஆந்தைக்கு இந்த ஏற்பாடு இல்லை. நீருக்குள் இருக்கும் மீனுக்குச் சிறகோசை கேளாது அல்லவா? சிற்றாந்தை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மரங்கொத்தியைப் போல எழுந்தும் தாழ்ந்தும் அலையாகப் பறக்கும் அது, மறைந்து பாய்வதைவிட, உயர்ந்த இடத்தில் அமர்ந்து பார்த்திருந்து பாய்வதையே விரும்பும்.

அதன் கால்கள் உடலை நோக்க நீளமானவை. வண்டுகளையும் மண்புழுக்களையும் துரத்திக்கொண்டு அது தரையிலே ஓடும் காட்சி காண்போருக்கு நகைப்பூட்டும். ஆந்தையின் பாதத்திலே நான்கு விரல்கள் உண்டு. அவற்றுள் வெளிவிரல் முன்னும் பின்னும் திரும்ப வல்லது. கிளையிலே அமரும்போதும் இரையைப் பற்றும்போதும், இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக நின்று கிடுக்கி போல இறுக்கும். பிடித்த இரையைச் சிறிதாயின் முழுதாகவே விழுங்கிவிடும்.

விழுங்கிய பின் நிகழ்வதுதான் ஆந்தையை வளர்க்க முனைவோர் முக்கியமாக அறிய வேண்டியது. கோழி, புறா முதலியவற்றின் கழுத்தடியிலே தீனியைச் சேமித்து வைக்கும் பை ஒன்று இருப்பதை யாவரும் அறிவர். ஆந்தைக்கு அது கிடையாது. இரை நேரே வயிற்றை அடைகிறது. அங்கே தசை கரைந்து உணவாகிறது. மயிரும், என்பும், வண்டின் ஓடும் கரையாது எஞ்சி, ஓர் உருண்டையாகத் திரண்டு, சில மணி நேரத்தின் பின் வாய்வழியே வெளியே தள்ளப்படுகின்றன. ஆந்தை தங்கும் மரத்தின் அடியிலே கிடக்கும் இவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், எலியின் மண்டையோடும் பற்களும் உடையாமல் இருப்பதைக் காணலாம். இந்த உருண்டைகளைக் கொண்டே ஆந்தை எதனைத் தின்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் அறிந்தனர். வயல் எலிகளை அழித்துக் கமக்காரனுக்கு நன்மை செய்யும் பறவை இது என்பதற்கும் அவையே சாட்சி.

ஆகவே ஆந்தைக்கு வேண்டியது வெறும் இறைச்சியன்று. மயிரும் என்பும் சேர்ந்த முழு இரை. வளரும் குஞ்சுக்கு என்பை உறுதியாக்கும் சுண்ணச் சத்து அந்த என்புகளிலிருந்தே கிடைக்கிறது. இரக்கமுள்ளவர் பலர் குஞ்சைக் கண்டவுடன் பாலில் நனைத்த பாணையும், நறுக்கிய இறைச்சித் துண்டுகளையும் ஊட்டத் தொடங்குவர். பால் பறவைக்கு ஏற்ற உணவே அன்று. தனி இறைச்சியை மாத்திரம் உண்டு வளரும் குஞ்சின் கால்கள் வளைந்து, நிற்கவும் வலியற்றுப் போகும். அன்பினாலே ஊட்டிய உணவே அதன் உடலைக் கெடுத்துவிடுகிறது.

உடலமைப்பு இவ்வாறாக, அதன் குழந்தைப் பருவம் எத்தகையது? சிற்றாந்தை மரப்பொந்திலோ, பாறை வெடிப்பிலோ, பாழடைந்த கட்டடத்தின் இடுக்கிலோ மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். பெண் பறவை ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். வெண்பஞ்சு போர்த்தது போன்ற குஞ்சுகள் வெளிவந்து, ஒரு மாதத்துக்குச் சற்றுப் பின்னாகக் கூட்டை விட்டு நீங்குகின்றன. இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. நன்றாகப் பறக்கத் தெரிவதற்கு முன்னமே அவை கூட்டைவிட்டு வெளிவந்துவிடும். தத்தி நடப்பதும், தவறி விழுவதும், அலகாலும் நகத்தாலும் பற்றி மீண்டும் ஏறுவதும் அப்பருவத்தின் இயல்புகள். அதன் பின்னும் ஒரு மாத காலம் வரை தாயும் தந்தையும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. எங்கே அமர வேண்டும், எதனைப் பிடிக்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றைக் குஞ்சு பழகிக் கொள்ளும் காலம் அதுவே. கண்ணும் செவியும் நகமும் பிறப்பிலே வந்த கருவிகள். அவற்றைப் பயன்படுத்தும் தேர்ச்சியோ பயிற்சியால் வருவது.

அதீனாவுக்கு அந்தப் பயிற்சிக் காலம் கிட்டவில்லை. அது சட்டைப் பையிலே கழிந்தது. கொன்ராட் லோரன்ஸ் என்னும் ஒஸ்திரிய நாட்டு அறிஞர், முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலிற் கண்டவரையே தாயாகக் கொண்டு பின்தொடர்வதை 1935ஆம் ஆண்டிலே விரிவாக எழுதினார். 1973ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஆந்தைக் குஞ்சும் இளமையிலே மனிதர் கையிலே தனித்து வளருமாயின், மனிதரையே தன் இனம் என்று மனத்திற் பதித்துக் கொள்ளும். பின்னர் தன் இனத்தோடு கூடி வாழ அது அறியாது. நைற்றிங்கேல் அம்மையார் காலத்திலே இவ்வுண்மைகள் நூல்களில் ஏறியிருக்கவில்லை. மேலும், இங்கிலாந்திலே அக்காலத்தில் சிற்றாந்தை இனம் காட்டுப் பறவையாக நிலைபெற்றிருக்கவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது அங்கே கொண்டு வந்து பரப்பப்பட்டது. ஆகவே விட்டுவிடலாம் என்று கருதினும், அதீனா சென்று சேர்வதற்கு அந்நாட்டிலே இனமும் இல்லை, இடமும் இல்லை.

நான்கு ஆண்டுகள் அதீனா அந்த வீட்டிலே வாழ்ந்தது. 1854ஆம் ஆண்டு கிறிமியாப் போரிலே இங்கிலாந்தும் இறங்கியது. காயமடைந்த போர்வீரரைப் பராமரிக்கும் பொருட்டு நைற்றிங்கேல் அம்மையார் தாதியர் குழுவொன்றுடன் துருக்கி நாட்டிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் செல்ல ஆயத்தமானார். ஒக்டோபர் மாதத்திலே சில நாட்களுக்குள் யாவும் நடந்தேற வேண்டியிருந்தன. வீடு முழுவதும் பரபரப்பு. அந்தப் பரபரப்பிலே அதீனா வீட்டின் கூரையடி அறையிலே விடப்பட்டது. அங்கே எலிகள் உண்டு. ஆந்தைக்கு வேறென்ன வேண்டும் என்று வீட்டார் எண்ணினர். எண்ணியது பிழையாயிற்று. சில நாட்களில் அதீனா இறந்து கிடந்தது.

எலியைக் காணும் கண் அதற்கு இருந்தது. பற்றும் நகமும் இருந்தது. ஆயினும் கையால் ஊட்டப் பெற்று மனிதரோடு வாழ்ந்து பழகிய அப்பறவை, தனிமையிலே தானாக வாழும் வகையறியாததாயிற்று. அதன் உடலை அம்மையாரின் கையிலே கொடுத்தபோது அவர் கண்ணீர் சிந்தினார் என்றும், பேரலுவல்கள் நிறைந்த அந்த வாரத்திலே அவர் அழுதது அந்த ஒரு முறையே என்றும் அவருடைய தமக்கையார் பாதினோப்பி எழுதியிருக்கிறார். போர்க்களத்திலிருந்த தங்கையின் மனத்தைத் தேற்றும் பொருட்டு, அவர் 1855ஆம் ஆண்டிலே அதீனாவின் வரலாற்றைத் தாமே படங்கள் வரைந்து ஒரு சிறு நூலாக்கினார். பாடம் செய்யப்பட்ட அதீனாவின் உடல், இலண்டன் மாநகரிலே செயின்ற் தோமஸ் மருத்துவமனை வளவிலுள்ள புளோரன்ஸ் நைற்றிங்கேல் நூதனசாலையிலே இடம்பெற்றுள்ளது.

அம்மையார் செய்தது தவறா எனச் சிலர் வினவலாம். வதைத்த கைகளிலிருந்து உயிரொன்றை மீட்டது தவறாகாது. அன்று அவர் வாளாவிருந்தால் அக்குஞ்சு அந்த நாளைக் கடந்திராது. ஆனால் மீட்பது வேறு. வைத்துக் கொள்வது வேறு. இரக்கம் முதற்படியே அன்றி முழுப்படி அன்று. இவ்வுண்மையை நைற்றிங்கேல் அம்மையாரைப் போல உணர்ந்தவர் சிலரே. ஸ்கூட்டாரியிலே அவர் கண்டது என்ன? இரவு முழுவதும் விளக்கேந்தி நோயாளரைச் சுற்றி வந்தும், அன்போடு பணி செய்தும், போர்வீரர் மடிந்து கொண்டேயிருந்தனர். காயத்தால் மாண்டோரைவிட நோயால் மாண்டோரே மிகப் பலர். 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சுகாதாரக் குழுவினர் வந்து, கட்டடத்தின் கீழிருந்த கழிவுநீர் வாய்க்கால்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பின்னரே சாவு குறையலாயிற்று. நாடு திரும்பிய அம்மையார் இறந்தோர் தொகையைக் கணக்கிட்டு, யாரும் ஒரு பார்வையில் விளங்கிக் கொள்ளத்தக்க வட்டப் படங்களாக வரைந்து, 1858ஆம் ஆண்டிலே அரசினர் முன் வைத்தார். விளக்கேந்திய கை, கணக்கேட்டையும் ஏந்தியது. அன்போடு அறிவும் சேர்ந்தாலன்றி உயிர் பிழைக்காது என்பதே அவர் பிற்கால வாழ்வு முழுவதும் வற்புறுத்திய பாடம்.

அந்தப் பாடம் நமக்கும் உரியது. அதீனாவின் நெருங்கிய உறவினமாகிய புள்ளி ஆந்தை தமிழ்நாட்டிலே ஊர்தோறும் வாழ்கிறது. பாக்கு நீரிணையின் அக்கரையிலுள்ள கோடிக்கரையிலும் இராமேசுவரத்திலும் அது உண்டு. இருந்தும் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டி அது இலங்கையிலே குடியேறவில்லை. ஆயினும் இங்கே கூகையும், மீன் ஆந்தையும், செம்முதுகுடைய சிற்றாந்தை முதலாக இந்நாட்டுக்கே உரிய இனங்களும் வாழ்கின்றன. சிங்கராசா வனத்திலே 2001ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, 2004ஆம் ஆண்டு புதிய இனமென அறிவிக்கப்பட்ட சிறு ஆந்தை ஒன்றும் உண்டு. இத்தனை இனங்கள் இருந்தும், அபசகுனம் என்று சொல்லி ஆந்தையைக் கல்லால் எறியும் வழக்கம் நம் ஊர்களிலிருந்து இன்னும் முற்றாக நீங்கவில்லை. கூரையிலே அமர்ந்து கூகை கத்துவது எமனுக்குத் தூது சொல்வதற்காக அன்று. வீட்டைச் சுற்றி எலி இருப்பதை அது அறிந்திருக்கிறது, அவ்வளவே.

ஆந்தைக் குஞ்சு ஒன்று தரையிலே கிடக்கக் கண்டால் செய்ய வேண்டியது யாது? முதலாவது, அது உண்மையிலேயே ஆதரவற்றதா என்று பார்க்க வேண்டும். இறகு முளைத்த குஞ்சு கூட்டைவிட்டு வெளிவந்து தத்தித் திரிவது இயல்பு. பெற்றோர் அண்மையிலேயே இருக்கும். இருட்டியதும் இரையோடு வரும். நாய், பூனை, காக்கை என்பவற்றால் ஆபத்து உண்டாயின், தடித்த துணியால் மெல்லப் பற்றி, அருகிலுள்ள மரக்கிளையிலோ பொந்திலோ வைத்துவிட்டு விலகி நிற்பதே போதும். மனிதர் கை பட்டதால் தாய் வெறுத்து ஒதுக்கும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலான பறவைகளுக்கு மணத்தால் அறியும் ஆற்றல் அவ்வளவு இல்லை. சிறகு முறிந்தோ குருதி கசிந்தோ இருந்தால் மாத்திரம், காற்றுப் புகும் துளைகளிட்ட அட்டைப் பெட்டியிலே துணி விரித்து, அதனை இருளான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். இருள் அதன் அச்சத்தைத் தணிக்கும். பாலோ சோறோ புகட்டலாகாது. வாயிலே நீர் ஊற்றலாகாது. தாமதமின்றி மிருக வைத்தியரிடமோ, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலரிடமோ ஒப்படைக்க வேண்டும். காட்டுப் பறவைகளைப் பிடித்து வைத்திருப்பதை 1937ஆம் ஆண்டு முதலே தாவர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்து வருகிறது என்பதையும் மறத்தலாகாது.

பிள்ளைகள் குஞ்சைத் தூக்கிக் கொண்டு ஓடி வரும்போது, அதனை எறிந்துவிடு என்று அதட்டுவதும் தகாது. நீயே வளர்த்துக்கொள் என்று அனுமதிப்பதும் தகாது. அந்தக் கண் ஏன் சுழல்வதில்லை, அந்தக் கழுத்து எவ்வாறு அவ்வளவு திரும்புகிறது, அந்தக் கால்விரல் எதற்காகப் பின்னே மடிகிறது என்பவற்றைச் சற்று நேரம் சொல்லிக் கொடுத்து, பிள்ளையையும் கூட அழைத்துக்கொண்டு போய், அந்தி மயங்கும் வேளையிலே அதனை மரத்தில் விட்டு வரலாம். தொலைவிலே நின்று காத்திருந்தால், இருளிலே தாய்ப் பறவை ஒலி செய்யாமல் வந்து குஞ்சின் அருகே அமர்வதைக் காணும் பேறும் கிடைக்கலாம். பாதினன் கோயிற் கற்களின் இடையிலும், 1850ஆம் ஆண்டின் அந்த யூன் மாத அந்தியிலே, இரையோடு திரும்பி வந்த தாய் ஒன்று தன் குஞ்சைத் தேடியிருக்கக் கூடும்.